ஆபரேஷன்ஸ் ரிஸர்ச் படிக்கப் போகிறீர்களா?

"ஆபரேஷன்" என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஆபரேஷன்ஸ் ரிஸர்ச் என்ற படிப்புக்கும் ரண சிகிச்சைக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

இருக்கிற ஆள், இருக்கிற பணம், இருக்கிற நேரம் இவற்றைக் கொண்டு அதிகப் பலன் பெறுவது எப்படி என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சாஸ்திரம் இது. எந்த விமானத்தை எந்த ஊருக்கு அனுப்புவது? கிடங்கில் எவ்வளவு சரக்கு வைப்பது? ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை போடுவது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் இதில் விடை தேடுகிறார்கள்.

நம் பட்டதாரி இளைஞர்கள் பலர் இதைப் படிக்க அமெரிக்காவுக்கு மனுப் போடுகிறார்கள். பாங்கில் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் உண்டு. அங்கே என்ன கேட்கிறார்கள், என்ன கற்பிக்கிறார்கள் என்பதைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே தெரிந்து கொள்வது நல்லது அல்லவா?

யுத்தத்தில் பிறந்தது

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940-ல், பிரிட்டிஷ் விமான எதிர்ப்புப் படைக்கு உதவ பிளாக்கெட் என்ற பௌதிக விஞ்ஞானி ஒரு குழுவைச் சேர்த்தார். அதில் உடலியல் நிபுணர்கள் இருந்தார்கள். கணித மேதைகள் இருந்தார்கள். நில அளவையாளர் ஒருவரும் இருந்தார். இந்தக் கதம்பத்தைப் "பிளாக்கெட்டின் சர்க்கஸ்" என்று வேடிக்கையாக அழைத்தார்கள். பிளாக்கெட் 1948-ல் நோபல் பரிசு பெற்றார்.

பின்னர் அவர் கடற்படைக்குச் சென்றார். சரக்குக் கப்பல்கள் சிறு கூட்டமாகப் போவதைவிடப் பெருங் கூட்டமாகப் போனால் நஷ்டம் குறையும் என்று அவருடைய குழு கண்டது. காரணம் எளிது. கூட்டம் இரு மடங்கானாலும் அதன் சுற்றளவு இரு மடங்காவதில்லை. காவலுக்கு அத்தனை கப்பல் வேண்டியதில்லை.

பல துறையினர் கூடிப் பிறந்த கலை ஆகையால், இன்றும் இதன் கதவு பல துறையினருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் வாசலில் ஒரு சுங்கம் வசூலிக்கிறார்கள். அதன் பெயர் கணிதம்!

யாரைச் சேர்க்கிறார்கள்?

எஞ்சினீயரிங், கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், பௌதிகம் ஆகிய எதில் பட்டம் பெற்றவரும் மனுச் செய்யலாம். பட்டத்தின் பெயரைவிட மார்க் பட்டியலையே கவனிக்கிறார்கள். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் போகிறவர் ரியல் அனாலிஸிஸும் படித்திருந்தால் மதிப்பு அதிகம்.

சிபாரிசுக் கடிதங்களும் கேட்பார்கள். பெரும்பாலும் மூன்று. பெரிய மனிதரின் கடிதத்தைவிட, நம்மை வகுப்பில் பார்த்த ஆசிரியரின் கடிதமே எடுபடும். ஆங்கிலத் தேர்வு உண்டு. ஜி.ஆர்.ஈ. பரீட்சையைச் சில இடங்களில் கேட்கிறார்கள். 2020-க்குப் பிறகு பல இடங்களில் கைவிட்டார்கள். மூன்றாண்டு பட்டம் மட்டும் போதாது என்று சொல்லும் சர்வகலாசாலைகளும் உண்டு.

என்ன கற்பிக்கிறார்கள்?

பாடங்கள் மூன்று தூண்களின் மேல் நிற்கின்றன.

முதலாவது, உள்ளதில் சிறந்த வழியைக் கண்டுபிடிப்பது. 1947-ல் அமெரிக்கரான டான்ட்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை இதன் அரிச்சுவடி.

இரண்டாவது, நிச்சயமில்லாததைக் கணக்கிடுவது. கியூ வரிசை எவ்வளவு நீளும் என்பது இதில் ஒரு பாடம். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் 1909-லேயே இதற்கு அடிகோலினார்.

மூன்றாவது, புள்ளி விவரங்களை ஆராய்வதும், நடப்பைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதும்.

எம்.எஸ். பட்டத்துக்குப் பெரும்பாலும் 30 கிரெடிட், அதாவது சுமார் பத்துப் பாடங்கள். ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் முடியும். டாக்டர் பட்டத்துக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள். முதலில் பாடங்கள், பிறகு தகுதிப் பரீட்சை, அதில் தேறியவருக்கே ஆராய்ச்சி.

பணம் யார் கொடுப்பது?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். டாக்டர் பட்டத்துக்குச் சேருகிறவரிடம் பெரும்பாலும் காலேஜ் சம்பளம் வாங்குவதில்லை. உபகாரச் சம்பளமும் தருகிறார்கள். ஆகவே சொற்பம் பேரையே எடுக்கிறார்கள். எம்.எஸ். மாணவரோ பொதுவாகக் கைப்பணத்தைத்தான் செலவழிக்க வேண்டும். அங்கே இடம் கிடைப்பது ஒப்பிடும்போது சுலபம். இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகவே, "நமக்குத் தகுதி இருக்கிறது" என்று எண்ணிவிடக் கூடாது. அஸ்திவாரக் கணிதம் இல்லாதவருக்கு அந்த ஓராண்டு மூச்சு விடுவதற்குள் போய்விடும். கடன் மட்டும் கூடவே வரும்.

நம் நாட்டில் வழி இல்லையா? உண்டு. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தரக் கட்டுப்பாட்டுடன் இதையும் சேர்த்து எம்.டெக். நடத்துகிறார்கள். எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. தேறியவருக்குச் சம்பளம் இல்லை. உபகாரச் சம்பளம் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் கேட் பரீட்சை மூலம் எம்.டெக். சேரலாம். டில்லி சர்வகலாசாலையில் இதற்கென்றே எம்.எஸ்ஸி. இருக்கிறது.

மனுப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். லீனியர் அல்ஜீப்ரா புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரு மாதம் தினமும் நான்கு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசை வளர்ந்தால் தைரியமாக மனுப் போடலாம். அலுப்புத் தட்டினால் வேறு படிப்பைப் பார்க்கலாம். இருக்கிற பணத்தையும் காலத்தையும் வீணாக்காமல் செலவிடுவது எப்படி என்பதுதானே இந்தச் சாஸ்திரம்? அதன் முதல் கணக்கை நம் வீட்டிலேயே போட்டுப் பார்ப்போமே!