தெய்வத்தின் பெயரும் ஓவியரின் கோடும்

திபெத்தியத் தங்கா ஓவியம் குறித்த நம் கல்விப்புல உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன: "இது எந்தத் தெய்வம்?" பச்சைத் தாரா, மஞ்சுஸ்ரீ, மகாகாலர் என்று விடை கிடைத்ததும் ஓவியத்தைப் பார்த்தாயிற்று என நிறைவடைகிறோம். சமயப் பற்றில்லாதவர்களோ, "இது பக்தர்களுக்கானது" என்று கடந்துபோகிறார்கள். இரு சாராரும் பெயரைத்தான் காண்கிறார்கள். ஓவியத்தை எவரும் காண்பதில்லை.

வழிபாட்டுப் பொருளை அழகுப் பொருளாகக் காண்பது காலனியம் கற்றுத்தந்த அருங்காட்சியகப் பார்வை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. திபெத்திய மொழியில் ஓவியரைக் குறிக்கும் 'ல்ஹாதிரிபா' என்ற சொல்லுக்கே 'தெய்வத்தை வரைபவர்' என்பதுதான் பொருள். ஆனால், சித்திரத்தையும் வடிவக்கோலத்தையும் பொதுவாகச் சுட்டும் 'ரிமோ' என்ற சொல்லும் அதே மொழியில் உண்டு. அதைவிட முக்கியமான சான்று, திபெத்தியர் தம் ஓவியப் பாணிகளுக்கு இட்ட பெயர்கள். 'மென்ரி' என்பது 15ஆம் நூற்றாண்டு ஓவியர் மென்லா தோண்டுப்பின் வழிவந்த பாணி. 16ஆம் நூற்றாண்டில் உருவான 'கர்மா காத்ரி', கர்மாபாக்களின் பயண முகாமை ஒட்டிப் பெயர்பெற்றது. ஒரே தெய்வத்தை இரு பாணியிலும் வரையலாம். காத்ரியில் சீன நிலக்காட்சி ஓவியத்தின் சாயலோடு விரிந்த வெளி வந்து சேர்கிறது. மெல்லிய வண்ணப் பூச்சில் மலைகள் விலகிநிற்கின்றன. தெய்வம் மாறாதபோது மாறுவது எதுவோ, அதற்குத் திபெத்தியரே பெயர் சூட்டியிருக்கிறார்கள். அழகியல் பார்வை அம்மரபுக்கு வெளியிலிருந்து வந்ததன்று.

அளவுச் சட்டகத்தின்படி வரைவதில் தனித்துவத்துக்கு இடமேது என்பது அடுத்த வினா. இலக்கணம் பயின்றவருக்கு இவ்வினா எழக் கூடாது. ஒரே யாப்பில் பாடிய புலவர்கள் அனைவரும் ஒரே பாடலையா பாடினார்கள்? பத்தாம் கர்மாபா சோயிங் தோர்ஜே (1604–1674) சமயத் தலைவர். ஆயினும் அவர் தீட்டிய பறவைகளையும் விலங்குகளையும் கண்டவர்கள் அந்தக் கையை வேறொருவருடையதாக எண்ணமாட்டார்கள். லடாக்கின் அல்ச்சியில் நிற்கும் அவலோகிதேசுவரர் சிலையின் வேட்டி முழுவதும் மாளிகைகளும் கோயில்களும் மனிதர்களுமாக நிறைந்திருக்கின்றன. அடையாளம் காண அவற்றுள் ஒன்றுகூடத் தேவையில்லை. ஓவியருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இது வெறும் ரசனைப் பிரச்சினையன்று. பெயர் மட்டும் போதுமென்றால், கடைத்தெருவில் தொங்கும் அச்சுப்படமும் கையால் தீட்டிய தங்காவும் சமமாகிவிடும். பருத்தித் துணியில் பசையும் சுண்ணப்பொடியும் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. தாமிரக் கனிமத்தை அரைத்து, பருவெட்டான பொடியிலிருந்து அடர்நீலமும் நுண்பொடியிலிருந்து வெளிர்நீலமும் பெறுவது. தரம்சாலாவை அடுத்த நோர்புலிங்கா போன்ற இடங்களில் புலம்பெயர்ந்த இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் இவற்றைப் பயில்வது – இத்தனை உழைப்பும் அந்தச் சமன்பாட்டில் மறைந்துபோகிறது.

சமயத்தை அகற்றிவிட்டுப் பாருங்கள் என நான் கோரவில்லை. பொருளறிவு பார்வையை ஆழமாக்கவே செய்யும். கோருவது வரிசைமாற்றம் மட்டுமே. தில்லியின் திபெத் ஹவுசிலோ காங்டாக்கின் நம்கியால் திபெத்தியவியல் நிறுவனத்திலோ ஒரு தங்காவின் முன் நிற்க நேர்ந்தால், பெயர்ப்பலகையைச் சற்றுப் பொறுத்து வாசியுங்கள். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, நீலம் எங்கே பச்சைக்கு வழிவிடுகிறது என்று முதலில் கண்கள் தேடட்டும். தெய்வத்தின் பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.