கனவில் வந்த சூத்திரமும் நாலு கோடி இலக்கமும்

நாமக்கல் பக்கம் ராமானுஜன் பேச்சை எடுத்தாலே ஒரே கதைதான். கனவில் நாமகிரித் தாயார் வந்தார், சூத்திரம் சொன்னார், இவர் எழுந்து எழுதிவிட்டார். அவ்வளவுதான், மேதை ரெடி!

தாயார் அவருடைய குலதெய்வம். அந்த பக்தியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கதையை அதோடு நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் கொடுமை.

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லும் சூத்திரம் கிடைத்துவிட்டது என்கிறார். சின்ன எண்களுக்கு அது அருமையாகப் பொருந்தியது. ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக, அவர் நினைத்த துல்லியம் நிற்காது. ஹார்டி அதைச் சுட்டிக்காட்டினார். ஆக, மேதைக்குத் தோன்றியதும் தப்பாகலாம்!

அப்புறம் என்ன ஆச்சு? அதையல்லவா ஊருக்குச் சொல்ல வேண்டும்! இங்கிலாந்து போனார், நிரூபிக்கும் முறையைப் படித்தார். 1919-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு நிரூபணம் வந்தது. 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண் கட்டாயம் உண்டு. இதை செபிஷேவ் முன்பே நிரூபித்திருந்தார். ராமானுஜன் வழி அதைவிடச் சுருக்கம். அதோடு நிற்காமல் இன்னும் மேலே போனார். 2, 11, 17, 29, 41 என்ற வரிசைக்கு இன்று 'ராமானுஜன் பகா எண்கள்' என்றே பெயர்.

இப்போதைய கதையும் அதேதான். 2024 அக்டோபரில் கிடைத்த ராட்சத பகா எண்ணைப் பாருங்கள். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்! டப்ளினில் இருந்த கணினி முதலில் 'அநேகமாகப் பகா எண்' என்றது. அந்த 'அநேகமாக' செல்லுபடியாகவில்லை. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இன்னொரு கணினி லூகாஸ்-லேமர் சோதனையை முழுதாகப் போட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் இத்தனை கறார்? மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்துக்கு 31. ஏழுக்கு 127. எல்லாமே பகா எண். அப்படியானால் பதினொன்றுக்கும் அப்படித்தானே? 2047 வரும்... அது 23 × 89! போச்சு.

இந்த 'போச்சு'தான் கணக்குப் பாடம். அதை எங்கே சொல்லித்தருகிறார்கள்? சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பதிலை மனப்பாடம் செய், மார்க்கை வாங்கு. "ஏன் சார் அப்படி?" என்று ஒரு பையன் கேட்டால், "பரீட்சைக்கு வராதுடா, உட்காரு!"

கனவுக் கதை இவர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். கணக்கு அருளால் வருவதென்றால் வாத்தியார் விளக்க வேண்டாம், மாணவன் யோசிக்கவும் வேண்டாம். கணக்கு வராத பிள்ளையோ, தனக்கு அருள் இல்லை என்று நினைத்து ஒதுங்கிவிடும்.

ஈரோட்டில் பிறந்தவர், நம்மூர் தாயாரைக் கும்பிட்டவர் என்று பெருமை பேசுங்கள், தப்பில்லை. ஆனால் டிசம்பர் 22 அன்று படத்துக்கு மாலை போட்டுவிட்டு, 2047-ஐக் கரும்பலகையில் எழுதி, "இது பகா எண்ணா, சொல்லுங்க பார்ப்போம்" என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.