புது மொழி இலவசம், மாறுவது இலவசமா?

நாமகிரிப்பேட்டை என்றதும் சிலருக்கு நாதஸ்வரக் கலைஞர் கிருஷ்ணன் ஞாபகத்துக்கு வருவார். மற்றவர்களுக்கு மஞ்சள்தான். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை மூட்டையாக ஏலம் போகும் ஊரில் கம்ப்யூட்டர் மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

ஒரு மஞ்சள் மண்டியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். 1990களின் கடைசியில் யாரோ ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் அங்கே இன்னும் ஓடுகிறது. சாக்கு எடையைக் கழிப்பது, கூலி பிடிப்பது, விவசாயி வாங்கிய முன்பணத்தை நேர் செய்வது, சில்லறைப் பைசாவை முழு ரூபாயாக்குவது எல்லாம் அதற்குள்தான். கல்லூரி முடித்த பையன் ஒருவன் வந்து, "இதைத் தூக்கிப் போட்டுட்டு பைத்தான்ல எழுதிடலாம் அண்ணே, எல்லாமே ஃப்ரீ" என்கிறான். முதலாளி என்ன சொல்ல வேண்டும்?

மொழி இலவசம் என்பது உண்மைதான். செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மண்டியின் கணக்கு விதிகள் எந்த நோட்டிலும் இல்லை, பழைய புரோகிராமுக்குள் மட்டுமே இருக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுப்பது முதல் செலவு. புதியது சரியாக வரும்வரை இரண்டிலும் பில் போட்டு ஒப்பிடுவது இரண்டாவது. எழுதிய பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் வேறு ஆள் தேடுவது மூன்றாவது. இதுதான் பெரிய செலவு.

பணத்துக்குப் பஞ்சமில்லாத ஃபேஸ்புக்கே பி.எச்.பி.யை ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை. 2010ல் பி.எச்.பி.யை சி++ ஆக மாற்றும் ஹிப்ஹாப் என்ற கருவியைக் கொண்டு வந்தது. 2014ல் பி.எச்.பி.யோடு சேர்ந்தே ஓடக்கூடிய ஹேக் என்ற மொழியை வெளியிட்டது. மாறியது, ஆனால் படிப்படியாக.

அதற்காக மாறாமலே இருந்துவிடலாமா? அதற்கும் விலை உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தன. அப்போது 1959ல் பிறந்த கோபால் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று ஆளுநரே கேட்டார்.

நம் பக்கமும் இதே கதைதான். ஃபாக்ஸ்புரோவுக்கு அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007ல் அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்தியது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பில் முறையே மாறியது. 2020ல் ஐந்நூறு கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி வரை இறங்கி வந்தது. இணையத்தோடு பேசத் தெரியாத பழைய புரோகிராமில் இதையெல்லாம் ஒட்டுப் போட்டு ஓட்டுவது வருடா வருடம் கூடும் செலவு.

ஆக, முதலாளி கேட்க வேண்டிய கேள்வி "எது நல்ல மொழி?" என்பதல்ல. "இந்த மொழியில் வேலை தெரிந்த இன்னொரு ஆள் ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ கிடைப்பாரா?" என்பதுதான். கிடைக்காத மொழி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அந்த மண்டிக்கு அது கடன். ஃபாக்ஸ்புரோ இன்று அப்படித்தான் ஆகிவிட்டது. நேற்று வந்த புது மொழியும் அப்படித்தான்.

ஆள் கிடைக்கும் மொழி என்றால் மாறலாம். அதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது, அதுவும் ஏல சீசனில் கூடவே கூடாது. முதலில் விதிகளைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பிறகு வரி பில் பகுதியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மற்றவை மெல்ல வரட்டும்.

படித்து முடித்து வரும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புது மொழியைச் சிபாரிசு செய்வதற்கு முன் ஒரு ஏல நாள் முழுக்க மண்டியில் உட்கார்ந்து பில் போடுவதைப் பார்க்கலாம். கணக்கு தப்பினால் புரோகிராமருக்கு அது ஒரு பிழை. ஒன்பது மாதம் மஞ்சளைக் காத்த விவசாயிக்கு அது கைக்கு வராத பணம்.