11 மாசத்துல தடுப்பூசியா?

"11 மாசத்துல தடுப்பூசியா? எப்படிங்க நம்புறது?" இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. கேக்கறது தப்பில்லை மக்கா. கணக்கை 2020-ல ஆரம்பிக்கறதுதான் தப்பு.

சில வைரஸ்களுக்கு மேல ஒரு கொழுப்பு உறை உண்டு. சொந்தச் சரக்கு இல்லை, நம்ம செல்லோட சவ்வைத்தான் போர்த்திக்கிட்டுக் கிளம்பும் (திருட்டுப் பய!). அதுல நீட்டிக்கிட்டு நிக்கிற புரதத்தை எல்லாரும் சாவின்னு எழுதறாங்க. எனக்கென்னவோ எலிப்பொறின்னுதான் தோணுது. இழுத்து மாட்டின ஸ்பிரிங் மாதிரி இருக்கும். விசை விடுபட்டதும் படார்னு நீண்டு செல் சவ்வுல கொக்கி போட்டு, அப்புறம் மடிஞ்சு ரெண்டு சவ்வையும் ஒட்ட வெச்சிடும். வைரஸ் உள்ளே!

வம்பு என்னன்னா, விடுபட்ட பொறியைக் காட்டி உடம்புக்குப் பாடம் நடத்தினா பிரயோஜனம் கம்மி. 1966 வாக்குல அமெரிக்காவுல, கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தர்ற ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலின்ல கொன்னு ஊசியா போட்டாங்க. நிஜத் தொற்று வந்தப்போ, போடாத குழந்தைகளைவிட போட்டுக்கிட்டதுங்கதான் மோசமா பாதிக்கப்பட்டுச்சு. ரெண்டு குழந்தைங்க இறந்தே போச்சு. காரணங்கள்ல ஒண்ணு, அந்தப் புரதம் உருமாறிப் போயிருந்தது.

விடுபடாத வடிவம் எப்படியிருக்கும்னு தெரிஞ்சது 2013-ல. 2017-ல மெர்ஸ் வைரஸோட முள் புரதத்துல ரெண்டு இடத்துல புரோலினை மாத்திப் போட்டு பொறியைப் பூட்டிக் காட்டினாங்க. அதே ரெட்டைப் பூட்டுதான் 2020-ல ஃபைசர், மாடர்னா ஊசிகள்ல. ஆர்எஸ்விக்கே 2023-லதான் ஊசி வந்துச்சு.

1966-ல இருந்து எண்ணினா 2020-க்கு 54 வருஷம்ங்க. நம்மூர்ல பெரும்பாலானவங்க போட்டுக்கிட்ட கோவிஷீல்டுல இந்தப் பூட்டு கிடையாது. அது தனிப் பதிவு மேட்டர் :-)