நூறு ரூபாய் சிக்கனாம்!

‘நூறே ரூபாயில் பேச்சிலர் சிக்கன்! பத்தே நிமிஷம்!’ என்று கூவும் சமையல் வீடியோக்காரர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்கு வந்து அதைச் செய்து காட்டட்டும். ஒரே நிபந்தனை, அவர்கள் வீட்டிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

‘வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம்’ என்கிறார்கள். யார் வீட்டில்? மொட்டை மாடி அறை, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, கைப்பிடி ஆடும் வாணலி, ஈரம் கோத்த உப்புப் பாக்கெட். எங்கள் வீட்டில் இருப்பது இவ்வளவுதான். அவர்களோ இஞ்சி பூண்டு விழுதில் ஆரம்பித்து, தயிர், பட்டை, கிராம்பு, முந்திரி என்று போய், கடைசியில் கசூரி மேத்தியை உள்ளங்கையில் கசக்கித் தூவுகிறார்கள். நூறு ரூபாய்க் கணக்கில் கோழி மட்டும்தான் வருகிறது. மற்றதெல்லாம் மாமியார் வீட்டுச் சீர் போலிருக்கிறது.

ஒரு ஸ்பூன் மல்லித்தூளை எந்த மளிகைக் கடையிலும் விற்பதில்லை. பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அடுத்த தடவை பிரிக்கும்போது கட்டி தட்டி, உள்ளே வண்டு ஊர்கிறது. அந்தக் காசை யார் கணக்கில் எழுதுவது? 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே 60 ரூபாய்க்கு விற்றது. அப்போதும் செய்முறையில் நாலு தக்காளி நாலாகவேதான் இருந்தது.

இந்த லட்சணத்தில் ஊரிலிருந்து அப்பா போன் செய்வார். “கோழி விலை இறங்கிடுச்சாமேடா, வாங்கிச் சாப்பிடு.” அவர் பேப்பரில் படித்தது பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலை, அதுவும் உயிரோடு நிற்கிற கோழிக்கு. இறகு, தலை, குடல் எல்லாம் போனால் 2 கிலோ கோழியில் தேறுவது சுமார் 1.4 கிலோ கறி. தோலை உரித்தால் அதுவும் குறையும். கடைப் பலகையில் ‘உயிர்’ ஒரு விலை, ‘கறி’ ஒரு விலை என்று எழுதியிருப்பது இதனால்தான். தோலோடு வாங்கினால் விலையும் குறைவு, அந்தக் கொழுப்பிலேயே பாதி எண்ணெய் மிச்சம். இதை ஒரு வீடியோவும் சொல்லிக் கேட்டதில்லை.

பத்து நிமிஷம் என்பதும் பச்சைப் பொய். பிராய்லர் கறி இளசுதான், குக்கர் தேவையில்லை. ஆனாலும் எலும்போடு வேக இருபது நிமிஷமாவது ஆகும். கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் தனி. 2,000 வாட் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அரை மணியில் ஒரு யூனிட். வாடகைக்காரனுக்கு யூனிட் என்ன விலை என்பதை வீட்டு ஓனரே தீர்மானிப்பார். வாசனை கீழே போனால் அதற்கு வேறு ஒரு பாட்டு.

எரிச்சல் எதற்கென்றால், மலிவான சிக்கன் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஈரோட்டுக்கு அக்கரையில் இருக்கிற பள்ளிபாளையத்துச் சிக்கன்தான் அது. சின்ன வெங்காயம், விதை தட்டிய காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு. மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது. வெங்காயமும் மிளகாயும் வதங்கியதும் கறியைப் போட்டு மூடினால் அது தன் தண்ணீரிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். கடையில் ஒரு பத்தை தேங்காய் வாங்கினால் போதும். சின்ன வெங்காயம் விலை ஏறினால் நாங்கள் பெரிய வெங்காயம் போடுகிறோம், பள்ளிபாளையத்துக்காரர்கள் மன்னிக்கட்டும். இதையும் விட்டார்களா? ‘பள்ளிபாளையம் ஸ்டைல்’ என்று பெயர் வைத்து அதிலும் கரம் மசாலாவைக் கொட்டுகிறார்கள்.

ஐயா, அம்மா, விலை சொல்வதானால் எண்ணெய், கரண்ட் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லை, விலையே சொல்லாமல் சமைத்துவிட்டுப் போங்கள். கோழிக்கடை அண்ணன்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அரைக் கிலோ கேட்கிற பையனும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். கழுத்தும் முதுகெலும்புமாகப் பார்த்து அவன் தட்டில் தள்ளாதீர்கள்.