முகப்பு மட்டும் ஸ்பானிஷில்

அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ மக்கள் 6.21 கோடிப் பேர். அங்குள்ள வெள்ளையரைவிட நீரிழிவு இவர்களை அதிகம் தாக்குகிறது. மருத்துவரிடம் நேரம் வாங்குவதும், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பதும், தீர்ந்த மாத்திரையைக் கேட்பதும் செயலிக்குள் போய்விட்ட காலத்தில், அந்தச் செயலிகள் இவர்களை வாசலிலேயே நிறுத்துவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

செயலியின் முகப்புப் பக்கம் இவர்களில் பலர் பேசும் ஸ்பானிஷில் இருக்கும். உள்ளே போனால் மருத்துவரின் குறிப்பு ஆங்கிலத்தில். ஆளை உறுதிசெய்யப் பழைய கடன்களைப் பற்றிக் கேள்வி கேட்பதும் உண்டு. வங்கிப் பக்கமே போகாத பண்ணைத் தொழிலாளி என்ன பதில் சொல்வார்? தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர் வைப்பது இம்மக்களின் வழக்கம். படிவத்திலோ ஒரே கட்டம். ஓரிடத்தில் ஒரு பெயரும் வேறிடத்தில் மற்றதும் ஏறினால் ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள். பென்சிலின் ஒவ்வாது என்ற குறிப்பு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுத் திண்டாடிய தமிழர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஆனால் இங்கே பணயம் உயிர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழியைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. முக்கியமான தகவல்களை இயந்திரம் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் சரிபார்த்தாக வேண்டும் என 2024-இல் விதியும் வந்தது. சரிபார்க்காமல் வெளியிடுபவர்கள் விதியை மீறுகிறார்கள்.

அச்சம் வேறு. 2025-இல், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பயனாளிகளுடைய விவரங்களை மத்திய அரசே, குடியேறிகளை நாடுகடத்தும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கைமாற்றியது. அதன்பிறகு செயலியில் முகவரியை எழுத யாருக்குத் துணிவு வரும்? தரவு யாரிடம் போகும் என்பதை முதல் திரையிலேயே, எளிய ஸ்பானிஷில் சொல்லுங்கள். கேட்கத் தேவையில்லாததைக் கேட்காதீர்கள்.

குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டம் வையுங்கள். அம்மாவின் சர்க்கரைக் கணக்கைக் கவனிக்கும் மகளுக்கு, அம்மாவின் சம்மதத்தோடு தனி நுழைவு கொடுங்கள். அவர்களின் அன்றாட ரொட்டியான தோர்தியாவை விடச் சொல்லாமல், எத்தனை சாப்பிடலாம் என்று சொல்லுங்கள். கலிஃபோர்னியா வயல்களில் வேலை செய்யும், மெக்சிகோவின் பழங்குடி மொழியான மிஷ்தெக் பேசுவோர் பலருக்கு ஸ்பானிஷும் அந்நியம்; அவர்களுக்கு எழுத்து உதவாது, குரல் வேண்டும். வீடு வீடாகப் போகும் ‘புரொமோத்தோரா’ நலப் பணியாளர்களை வடிவமைப்பு மேசையில் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். இவற்றைச் செய்யாத செயலி நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எந்த மருத்துவமனையும் புதுப்பிக்கக் கூடாது.