கண்ணாடித் தொட்டிக்கு வந்த புதியவர்கள்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே எமது இளைய மகன் தன் உண்டியலை உடைத்தான். கொழும்பு சென்ற உறவினர் ஒருவர் மூலம், அவன் நெடுநாளாக விரும்பிய டிஸ்கஸ் மீன்கள் ஐந்து, இரவுப் பேருந்தில் எம் வீடு வந்து சேர்ந்தன. புதிய மீனை அவசரப்பட்டுத் தொட்டியில் விடலாகாது என்பது யாவரும் கூறும் அறிவுரை. நாமும் பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, வாயை அவிழ்த்து, கோப்பை கோப்பையாகக் கிணற்று நீரை இரண்டு மணி நேரம் வார்த்தோம். அவ்வளவு பொறுமையுடன் செய்தும் மறுநாள் விடியுமுன் இரண்டு மீன்கள் சாய்ந்து கிடந்தன. “அப்பா, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?” என்று மகன் கேட்டான். கல்லூரியிலே நாள்தோறும் வினாக்களுக்கு விடை கூறிப் பழகிய நமக்கு, அன்று விடை தெரியவில்லை.

பின்னர் நூல்களைப் புரட்டியும், அனுபவம் வாய்ந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே ஈண்டு எழுதுகின்றோம். எமது பிழை அவசரமன்று. பொறுமையை இடமறியாது காட்டியதே பிழை.

டிஸ்கஸ் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகைக்குரிய மீன். 1840ஆம் ஆண்டில் ஹெக்கல் என்னும் ஒஸ்திரிய விலங்கியலாளர் இதனை முதன்முதல் விவரித்தார். தட்டுப் போன்ற உருவமே பெயருக்குக் காரணம். குஞ்சுகள் முதற் சில வாரங்கள் தாய் தந்தையர் இருவரின் மேனியிலும் சுரக்கும் சளியையே உண்டு வளர்கின்றன என்பது இம்மீனின் பெருஞ் சிறப்பு. அங்குள்ள றியோ நீக்றோ போன்ற ஆறுகளின் நீர், உக்கிய இலைகளின் சாறு கலந்து தேநீர் நிறமுடையது, சுண்ணாம்பு அறவே குறைந்தது, அமிலத் தன்மையது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் தொட்டிகளிற் பிறந்தவையாதலால், ஓரளவு கடின நீரையும் தாங்கும். ஆயினும் ஒரே நாளில் தாங்கா.

எமது குடாநாட்டு நீரோ நேர்மாறானது. நாம் சுண்ணக் கற்பாறை மேல் வாழ்பவர்கள். கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படலத்தை அறியாத யாழ்ப்பாணத்து இல்லத்தரசி உண்டா? வலிகாமத்துத் தோட்டக் காணிகளை அண்டிய பல கிணறுகளில், உரத்தினால் வரும் நைத்திரேற்று, குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழும்பு நகரின் குழாய் நீர் களனி ஆற்றிலிருந்து வருவது, மென்மையானது. அந்நீரில் வளர்ந்த மீனுக்கு எமது கிணறு அந்நிய தேசம்.

இனி, பையினுள் நிகழ்வதைக் கவனிக்க. விஞ்ஞான மாணவர்களுக்கு இது சுவைக்கும். கட்டிய பையிலே மீன் மூச்சுவிட விடக் காபனீரொட்சைட்டு பெருகி, நீர் அமிலத் தன்மை அடைகின்றது. மீனின் கழிவாகிய அமோனியாவும் சேர்கின்றது. ஆனால் அமில நீரில் அது பெரிதும் தீங்கற்ற அமோனியமாகவே அடங்கிக் கிடக்கும். பையை அவிழ்த்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. அதன்மேற் காரத் தன்மையுள்ள கிணற்று நீரும் வார்த்தால், அடங்கிக் கிடந்த அமோனியம் நச்சு அமோனியாவாக மாறுகின்றது. பீ.எச். பெறுமானம் ஓர் அலகு ஏற, நஞ்சின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். அந்நீரிலேதான் நாம் எம் மீன்களை இரண்டு மணி நேரம் அன்போடு வைத்திருந்தோம்!

ஆகவே செய்யத்தக்கது யாது? பொறுமையெல்லாம் மீன் வருவதற்கு முன்னரே காட்டவேண்டியது. விற்பவரிடம் அவர் நீரின் பீ.எச். பெறுமானத்தைக் கேட்டறிந்து, மழைநீரையும் கிணற்று நீரையும் கலந்து, அதற்கு இயன்றளவு ஒத்த நீரைத் தனித் தொட்டியில் அமைத்துக்கொள்ளல் வேண்டும். மழைநீரை மட்டும் நிரப்புவது தவறு. தாங்கும் உப்புகள் இன்மையால் அதன் பெறுமானம் திடீரெனச் சரிந்துவிடும். வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியசு இருக்கட்டும். பழைய தொட்டியின் வடிகட்டியில் ஊறிய பஞ்சொன்றை இதிலும் இட்டால், கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் உடன் வந்துவிடும். மீன் வந்ததும் பையை மூடியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பின் அவிழ்த்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுக. பையின் நீர் தொட்டிக்குள் போகலாகாது. அன்று விளக்கும் வேண்டாம், உணவும் வேண்டாம், அயல்வீட்டுப் பிள்ளைகளின் பார்வையும் வேண்டாம்.

நான்கு வாரமாவது அங்கேயே இருக்கட்டும். மேனி கறுத்தல், செட்டையை ஒடுக்கல், வெண்ணிற நூல் போன்ற மலம் ஆகியவை நோயின் அறிகுறிகள். இக்காலத்தில் கிணற்று நீரின் பங்கை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிப் பொதுத் தொட்டியின் நீருக்குப் பழக்குதல் வேண்டும். கோப்பை கோப்பையாக வார்க்கும் பொறுமைக்கு இடம் இதுவே.

பல இன மீன்கள் கூடி வாழும் தொட்டியில், டிஸ்கஸ் கூச்ச சுபாவமுள்ளது, மெல்லத்தான் உண்ணும். செட்டையைக் கடிக்கும் புலிக் கெண்டை அதற்கு உதவாது. குளிர்ந்த நீரை விரும்பும் பொன்மீனும் உதவாது. சூட்டைத் தாங்கும் சிறிய காடினல் ரெற்றா நல்ல அயலவன். புதியவர்களை விடும் நாளில் தொட்டியிலுள்ள கற்களையும் கட்டைகளையும் இடம் மாற்றி வைப்பது நன்று. பழைய குடிகள் தத்தம் எல்லையை இழந்து குழம்பி நிற்கையில், புதியவர் இடம் பிடித்துக்கொள்வர். வேலிக் கதியாலை ஓரடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறை கடந்து வழக்காடும் எம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

எஞ்சிய மூன்று மீன்களின் கதை இனிதாக இல்லை. ஐந்தாறு கூடினாலன்றி இவை அமைதியாக வாழா. இருவர் சேர்ந்து சிறியதை ஓயாது துரத்தினர். மாரி பிறந்து, கூரைப் பீலியின் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழைகளை இரு பீப்பாய்களில் நிரப்பியபின், தை மாதத்திலே மேலும் மூன்று மீன்களைத் தருவித்தோம். இம்முறை கோப்பையை மகன் ஒளித்து வைத்துவிட்டான். மாசி முடிவில் ஆறும் ஒரே தொட்டியில் சேர்ந்தன. துரத்துண்ட சிறியது இப்பொழுது கூட்டத்தின் நடுவே நின்று உண்கின்றது. பீப்பாய் நீர் வற்றி வருகின்றது. ஐப்பசிக்கு முன் பீலியைத் துப்புரவாக்கவேண்டும் என்று மகன் நாளுக்கு இருமுறை நினைவூட்டுகின்றான்.